வாக்கர், ஃபுல்லர், டக்கர்: ஒரு தொழில், மூன்று குடும்பப் பெயர்கள்

இங்கிலாந்தில் மிகப் பரவலாக வழங்கும் குடும்பப் பெயர்களுள் ஒன்றான வாக்கர் என்பதற்கு ஒரே மூதாதையைத் தேடும் குடும்ப வரலாறுகள் பல எழுதப்பட்டுள்ளன. ஆனால் அப்பெயரை ஃபுல்லர், டக்கர் என்னும் வேறிரு பெயர்களோடு சேர்த்து ஆராயும்போது, அது எந்த ஒரு குருதிவழியையும் சுட்டவில்லை என்பதும், ஒரு தொழிலாளரை ஒரு வட்டாரத்தார் அழைத்த சொல்லே அதில் தங்கியிருக்கிறது என்பதும் புலப்படும்.

மூன்று பெயர்களும் கம்பளித் துணியை மிதித்துப் பதப்படுத்தும் ஒரே தொழிலைக் குறிப்பவை. தறியிலிருந்து இறங்கும் கம்பளித் துணி, நூற்கும்போது சேர்த்த எண்ணெய்ப் பிசுக்கோடும் இழைகளுக்கிடையே இடைவெளியோடும் இருக்கும். அதனைத் தொட்டியிலிட்டு, புளித்த சிறுநீரும் தண்ணீரும் ஊற்றி, எண்ணெயை உறிஞ்சும் ஒருவகைக் களிமண்ணையும் கலந்து, தொழிலாளர் வெறுங்காலால் நெடுநேரம் மிதிப்பர். அந்தக் களிமண், தமிழ்நாட்டுக் கடைகளில் முல்தானி மட்டி என்று விற்கப்படும் மண்ணின் இனத்தைச் சேர்ந்தது. மிதிபடும்போது கம்பளி இழைகளின் மேலுள்ள நுண்செதில்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதால் துணி சுருங்கித் தடிக்கும்; பின்னர் அதனை அலசி, மரச் சட்டங்களில் கொக்கியிட்டு இழுத்துக் கட்டி உலர்த்துவர். நாற்றமும் ஈரமும் மிகுந்த இக்கடும் உழைப்பின்றிக் குளிர்தாங்கும் துணி கிடைத்திராது.

இத்தொழிலாளரை இங்கிலாந்தின் வடக்கிலும் மேற்கு நடுப்பகுதியிலும் வாக்கர் என்றும், தென்கிழக்கிலும் கிழக்கிலும் ஃபுல்லர் என்றும், டெவன், சாமர்செட் முதலிய தென்மேற்கு மாவட்டங்களில் டக்கர் என்றும் அழைத்தனர். ஃபுல்லர் என்பதன் வேர் லத்தீன். டக்கர் என்பது வதைத்தலைக் குறித்த பழைய ஆங்கில வினையிலிருந்து பிறந்தது. வாக்கர் என்பதன் வேர்வினைக்கு உருட்டல், புரட்டல் என்பனவே தொடக்கப் பொருள்கள், நடத்தல் என்னும் பொருள் பிற்காலத்தில் ஏறியது. ஆகவே வாக்கர் என்றால் காட்டைச் சுற்றி வந்த காவலர் என்னும் பழைய விளக்கம், அப்பெயர் யார்க்ஷயரின் துணி நெசவுப் பகுதிகளில் அடர்ந்திருப்பதன்முன் வலுவிழக்கிறது. குஸ்தாஃப் ஃப்ரான்சன் 1935இல் வெளியிட்ட இடைக்கால ஆங்கிலத் தொழிற்பெயர் ஆய்வு முதலிய நூல்கள் இப்பரவலை ஆவணங்களின்வழி ஆராய்ந்துள்ளன. எக்ஸிடர் நகரில் நெசவாளர், துணி மிதிப்போர், கத்தரிப்போர் ஆகியோரின் சங்கத்துக்காக 1471இல் எழுந்த மண்டபம் இன்றும் டக்கர்களின் மண்டபம் என்றே வழங்குகிறது.

இப்பெயர்கள் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் குடும்பப் பெயர்களாக உறைந்த காலத்திலேயே தொழிலும் உருமாறிக்கொண்டிருந்தது. 1185இல் டெம்ப்ளர் வீரத்துறவியர் தம் நிலங்களைக் கணக்கெடுத்தபோதே, நீர்ச்சக்கரம் இயக்கும் சம்மட்டிகளால் துணியை இடிக்கும் ஆலைகள் பதிவாகியுள்ளன. இவ்வாலைகளே 13ஆம் நூற்றாண்டின் தொழிற்புரட்சிக்குக் காரணம் என எலினோரா கேரஸ்-வில்சன் 1941இல் வாதிட்டார். அவ்வாதம் பின்னர் மறுப்புகளைச் சந்தித்தது. அதனை முழுதும் ஏற்காவிடினும், காலால் மிதித்த கைவினைஞரின் பெயர், கால்களுக்கு வேலை குறைந்த பின்னும் அவர் வழியினரிடம் நிலைத்துவிட்டது என்பது தெளிவு. வழக்குரைகளில் எதிரியின் பெயரோடு அவர் தொழிலையும் ஊரையும் தனியே குறிக்க வேண்டும் என்று 1413இல் சட்டம் இயற்றப்பட்டது. பெயரைக் கொண்டு தொழிலை அறிய முடியாத நிலை அதற்குள் வந்துவிட்டது என்று இதிலிருந்து ஊகிப்பது பொருந்தும்.

ஒவ்வொரு துணி நெசவூரிலும் தனித்தனியே தோன்றிய பெயருக்குத் தனியொரு தலைமகன் இருக்க இயலாது. ஆண்வழியே கடத்தப்படும் ஒய் குரோமோசோமைக் கொண்டு லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங், மார்க் ஜாப்ளிங் ஆகியோர் 40 பிரிட்டிஷ் குடும்பப் பெயர்களை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட முடிவும் இதற்கு இசைவானது: அரிய பெயர்களைத் தாங்கியோரிடையே பொதுவான மூதாதைமை மிகுந்திருக்க, ஸ்மித் போன்ற பரவலான தொழிற்பெயரில் அது தென்படவில்லை. போதாக்குறைக்கு, வாக்கர் என்னும் பெயருடையோர் அனைவரும் துணி மிதித்தோர் வழியினரும் அல்லர். நியூகாசிலை ஒட்டி, ரோமானியர் எழுப்பிய ஹேட்ரியன் சுவரருகே சதுப்பு நிலத்தைக் குறித்து வாக்கர் என்றே பெயர்பெற்ற ஊர் ஒன்று உள்ளமையால், ஊர்ப்பெயரால் அமைந்த வாக்கர்களும் இருந்திருக்கலாம். அயர்லாந்தின் டக்கர்களுள் சிலருடைய பெயரோ ஐரிஷ் மொழிப் பெயரொன்றின் ஆங்கில வடிவம்.

அட்லாண்டிக் கடந்து சென்ற பின் வாக்கர் என்னும் பெயர் அடிமைமுறையின் வரலாற்றோடும் பிணைந்தது. அமெரிக்காவின் வாக்கர்களுள் பெரும் எண்ணிக்கையினர் ஆப்பிரிக்க வழியினர். அவர்களுள் ஒருவரான நாவலாசிரியர் ஆலிஸ் வாக்கர், தம் கொள்ளுப்பாட்டி தலைமுறைக்கும் முற்பட்ட மே பூல் என்னும் அடிமைப் பெண் இரு குழந்தைகளை இடுப்பில் சுமந்து வர்ஜினியாவிலிருந்து ஜார்ஜியா வரை நடந்தே சென்றதன் நினைவாக அப்பெயரைக் காத்துக்கொண்டதாக எழுதியுள்ளார். சொற்பிறப்பின்படி இது வாக்கரின் மூலப்பொருள் அன்றாயினும், யார்க்ஷயரின் துணித் தொட்டியைப் போலவே இந்த நெடுநடையும் அப்பெயரின் வரலாற்றில் பதிவு பெற வேண்டிய சான்றேயாகும்.