பட்டாசு லாரியும் மின்கம்பியும்

சிவகாசியில் 1923-இல் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது. 1940-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளுக்குப் பின் பட்டாசுத் தொழில் வேரூன்றியது. 1927-இல் வந்த விருதுநகர்–தென்காசி ரயில்பாதையிலிருந்து சரக்கு மெல்ல மெல்ல டீசல் லாரிக்கு மாறியது. டீசல் எஞ்சினில் பொறி தெறிக்கும் பிளக் கிடையாது. டீசலும் பெட்ரோல் போல எளிதில் ஆவியாகாது. வெடிமருந்துச் சரக்குக்கு இது பெரிய அனுகூலம். ஆனாலும் பேட்டரியும் ஒயரும் இருக்கின்றனவே! கவனம் வேண்டியது அங்கேதான். சேஸிஸ் துளையில் ரப்பர் வளையமின்றி ஒயரைச் செலுத்தினால், வண்டியின் அதிர்வில் மேலுறை தேய்ந்து செம்பு இரும்பைத் தொடும், பொறி பறக்கும். அதனால்தான் வெடிபொருள் வேன்களில் தடித்த உறையுள்ள ஒயரும், பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சும் கட்டாயமாயின. 1983-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளின் இடத்தில் இப்போது 2008-ஆம் ஆண்டு விதிகள் நடைமுறையில் உள்ளன.