தேரை எழுதிக்கொடுத்த பத்திரம்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோ நகருக்கு அருகே டிஸ்னி நிறுவனத்தின் மேஜிக் கிங்டம் பூங்கா இருக்கிறது. அங்கே 'வின்னி த பூ' என்ற கரடிக்குட்டியின் கதையைச் சொல்லும் சவாரி ஒன்று உண்டு. ஆந்தையின் வீட்டைக் கடந்து போகும்போது சுவரில் ஒரு படத்தைப் பார்க்கலாம். தேரை ஒன்று ஆந்தையின் கையில் ஒரு பத்திரத்தைக் கொடுக்கிறது. குழந்தைகளோடு போகிறவர்களில் பெரும்பாலோர் அதைக் கவனிப்பதில்லை. கவனித்தாலும் அதன் பொருள் விளங்குவதில்லை. விளங்கியவர்களுக்கு அது ஒரு வீடு கைமாறிய வரலாறு. அந்த இடம் ஒருகாலத்தில் தேரைக்குச் சொந்தமாக இருந்தது.

கென்னத் கிரஹாம் 1908இல் வெளியிட்ட 'தி விண்ட் இன் தி வில்லோஸ்' ஆங்கிலச் சிறுவர் இலக்கியத்தின் செவ்வியல் நூல்களில் ஒன்று. ஆற்றங்கரையில் அமைதியாக வாழும் நீரெலியும் அகழெலியும் ஒரு பக்கம்; மோட்டார் காரின்மீது பித்துப்பிடித்து, கார் திருடிச் சிறைக்குப் போகும் பணக்காரத் தேரை மறுபக்கம். 1949இல் டிஸ்னி அதைக் கார்ட்டூன் படமாக்கியது. 1955 ஜூலை 17 அன்று கலிபோர்னியாவின் அனாஹெய்மில் டிஸ்னிலாந்து திறக்கப்பட்டபோது தேரையின் சவாரியும் அங்கே இருந்தது. 1971 அக்டோபர் 1 அன்று புளோரிடாப் பூங்கா திறக்கப்பட்டபோது அங்கும் ஒன்று அமைந்தது. அதில் இரண்டு தடங்கள். சவாரியில் ஏறுபவர் தேரையைப் பார்க்கிறவர் அல்லர், அவரே தேரை. கண்மண் தெரியாமல் காரோட்டி, ரயிலில் மோதி, இறுதியில் நரகத்துக்கே போய்ச் சேர்வார். நரகம் நாவலிலும் இல்லை, படத்திலும் இல்லை. சிறுவர் சவாரி ஒன்றுக்கு இப்படியொரு முடிவைத் துணிந்து வைத்த யாரோ ஒரு கலைஞரின் குறும்பு அது.

1997இன் இறுதியில், இந்தச் சவாரியை எடுத்துவிட்டுக் கரடிக்குட்டிக்கு இடம் தரப்போகிறார்கள் என்ற செய்தி கசிந்தது. பச்சைநிறச் சட்டை அணிந்த ரசிகர்கள் பூங்காவில் கூடி, கூட்டமாக அந்தச் சவாரியில் ஏறி இறங்கினார்கள். 1960களின் கறுப்பின மக்களுடைய உள்ளிருப்புப் போராட்டங்களின் பெயரைத் தழுவி இதற்கும் பெயர் வைத்தார்கள். நிறுவனத்துக்கு அஞ்சலட்டைகள் போயின. பயனில்லை. 1998 செப்டம்பர் 7 அன்று தேரை கடைசியாகக் கார் ஓட்டியது. 1999 ஜூனில் கரடிக்குட்டி குடியேறியது. இதில் ஒரு விநோதம் உண்டு. கரடிக்குட்டியைப் படைத்த ஏ. ஏ. மில்ன், கிரஹாமின் நூலைப் பெரிதும் போற்றியவர்; 1929இல் தேரையின் கதையை மேடை நாடகமாக ஆக்கியவரும் அவரே. தம் கரடி தேரையை வெளியேற்றும் என்று அவர் எண்ணியிருக்க மாட்டார்.

பெரியவர்கள் ஒரு பொம்மை வண்டிக்காகப் போராடுவது நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இந்த விவாதங்களின் வரலாற்றைத் தொடர்ந்து படிக்கும்போது, இலக்கியத்தில் நாம் ஓயாமல் பேசும் கேள்விகளே அங்கும் பேசப்படுவது தெரிகிறது. எது மூலம், எது இடைச்செருகல்? பழமை என்பதே ஒரு தகுதியாகுமா? ஒரு படைப்பு யாருக்குச் சொந்தம், ஆக்கியவருக்கா, அனுபவித்தவருக்கா?

நிறுவனத்தின் தரப்புக்கு வலுவான சாட்சி வால்ட் டிஸ்னியே. உலகில் கற்பனை இருக்கும்வரை டிஸ்னிலாந்து முற்றுப்பெறாது என்ற பொருளில் அவர் பேசியது புகழ்பெற்றது. திரைப்படத்தை வெளியிட்ட பின் திருத்த முடியாது, பூங்காவைத் திருத்திக்கொண்டே இருக்கலாம் என்பதுதான் அவருக்கு அதில் இருந்த ஈர்ப்பு. 1957இல் டிஸ்னிலாந்தில் முழுக்கப் பிளாஸ்டிக்கால் ஆன 'எதிர்கால வீடு' ஒன்றை வைத்தார்கள். பத்தாண்டுகளில் எதிர்காலம் பழசாகிவிட்டது. 1967இல் அதை இடிக்க முயன்றபோது இடிகுண்டு பட்டுத் தெறித்துத் திரும்பியதாம். துண்டு துண்டாக்கித்தான் எடுத்தார்கள். அதற்காக யாரும் பெரிதாக வருந்தியதாகத் தெரியவில்லை. ஆகவே எதையும் மாற்றக்கூடாது என்று வாதிடும் ரசிகர், அந்தப் பூங்காவைத் தோற்றுவித்தவரோடு முதலில் வாதாட வேண்டியிருக்கும்.

பழையது என்று நாம் கருதுவதும் ஒருகாலத்தில் வேறொன்றை அகற்றிவிட்டு வந்ததுதான் என்பதற்கு ஒரு கொடிவழியைக் காட்டலாம். 1964–65 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் பொருளுதவியோடு டிஸ்னி ஒரு சுழலும் நாடக அரங்கை உருவாக்கினார். 'முன்னேற்றத்தின் சுழல்மேடை' என்று அதைச் சொல்லலாம். 1967இல் அது டிஸ்னிலாந்துக்கு வந்தது. 1973இல் அங்கே மூடப்பட்டு, 1975இல் புளோரிடாவுக்குப் போனது. கலிபோர்னியாவில் காலியான அரங்கில் 1974 முதல் 1988 வரை 'அமெரிக்கா சிங்ஸ்' என்ற இசைக்காட்சி நடந்தது. பாடும் பறவைகளும் விலங்குகளுமாக இயந்திரப் பொம்மைகள். அதுவும் மூடப்பட்டபோது அந்தப் பொம்மைகளில் பலவற்றை எடுத்து, 1989இல் திறந்த 'ஸ்பிளாஷ் மவுண்டன்' என்ற நீர்ச்சறுக்குச் சவாரிக்குள் வைத்தார்கள். பொருத்தமும் இருந்தது. பொம்மைகளை வடிவமைத்த மார்க் டேவிஸ், அந்தச் சவாரிக்கு மூலமான 1946ஆம் ஆண்டுப் படத்தின் விலங்குகளையும் வரைந்தவர்.

சிக்கல் அந்தப் படத்தில்தான். 'சாங் ஆஃப் தி சவுத்' என்ற அப்படம், ஜோயல் சாண்ட்லர் ஹாரிஸ் தொகுத்த கதைகளை ஆதாரமாகக் கொண்டது. வலியவரைத் தந்திரத்தால் வெல்லும் முயலின் கதைகள் அவை. அடிமைப்பட்டிருந்த கறுப்பின மக்கள் தமக்குள் சொல்லிக்கொண்டவை. தொகுத்தவர் வெள்ளையர். தோட்டத் தொழில் உலகை இனிமையான பழங்காலமாகக் காட்டியதற்காகப் படம் வெளியான காலத்திலேயே கண்டனம் எழுந்தது. கதை சொல்லும் முதியவராக நடித்த ஜேம்ஸ் பாஸ்கெட், நிறப்பாகுபாடு சட்டமாக இருந்த அட்லாண்டாவில் நடந்த முதல் காட்சிக்குப் போக இயலவில்லை. 1986க்குப் பின் அமெரிக்கத் திரையரங்குகளில் அப்படம் வரவில்லை. வீட்டில் பார்க்கும் ஒளிநாடாவாகவும் அந்நாட்டில் வெளியானதில்லை. ஆனால் அதன் முயலையும் பாடல்களையும் எடுத்துக்கொண்டு, கதைசொல்லும் முதியவரை மட்டும் விட்டுவிட்டு, முப்பது ஆண்டுகளுக்கு மேல் சவாரி ஓடியது.

2020 ஜூனில், ஜார்ஜ் பிளாய்டின் கொலையைத் தொடர்ந்து அமெரிக்கா கொந்தளித்திருந்த வேளையில், இதைத் 'தி பிரின்சஸ் அண்ட் தி ஃபிராக்' (2009) படத்தின் தியானாவுக்கு மாற்றப்போவதாக அறிவிப்பு வந்தது. டிஸ்னியின் முதல் கறுப்பின இளவரசி அவள். மாற்றக் கோரியும் மாற்ற வேண்டாமென்றும் கையெழுத்துகள் திரண்டன. 2023இல் இரு அமெரிக்கப் பூங்காக்களிலும் பழைய சவாரி மூடப்பட்டது. 2024இல் தியானாவின் சவாரி திறந்தது. எதிர்த்தவர்களில் பலர் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. தாம் சிறுவயதில் தந்தையோடு நனைந்த தண்ணீரைத்தான் அவர்கள் காத்தார்கள். அந்த நினைவு பொய்யன்று. ஆனால் அதே வாயிலில் நின்று, இந்தக் கதையை எங்களிடமிருந்து எடுத்து எங்களை வெளியே நிறுத்தினீர்களே என்று எண்ணியவரின் நினைவும் பொய்யன்று. ஒருவரின் இனிய நினைவுக்காக இன்னொருவரின் காயத்தை அப்படியே வைத்திருக்க வேண்டியதில்லை என்பது என் துணிபு. புதிய சவாரியில் கதை வலுவில்லை என்ற குறை வேறு; அது விமர்சனம். அதை இதனோடு கலக்கக்கூடாது.

இதற்கு எதிர்முனையில் இருப்பது 'ஹொரைசன்ஸ்'. புளோரிடாவிலேயே, எப்காட் பூங்காவில் 1983 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டது. எதிர்கால மனித வாழ்வைச் சொல்லும் காட்சித்தொடர் அது. தொடக்கத்தில் ஜூல்ஸ் வெர்ன் தம் ராக்கெட்டில் மிதப்பார். பிறகு கடலடியில் குடியிருப்பு, பாலைவனத்தில் பழத்தோட்டம், விண்வெளியில் வீடு. பாலைவனக் காட்சியைக் கடக்கும்போது ஆரஞ்சு மணம் காற்றில் வரும். இதற்கும் புரவலர் ஜெனரல் எலெக்ட்ரிக். 1993இல் அந்நிறுவனம் விலகிக்கொண்டது. புரவலனை இழந்த பாணனின் கதி நமக்குத் தெரியாததா? 1999 ஜனவரியில் மூடப்பட்டு, 2000இல் கட்டடமே இடிக்கப்பட்டது. 2003இல் அதே இடத்தில் விண்கலப் பயணத்தை உடலால் உணரவைக்கும் 'மிஷன் ஸ்பேஸ்' வந்தது. மூடப்படுவதற்குமுன் இரண்டு ரசிகர்கள் ஓடும் வண்டியிலிருந்து திரும்பத்திரும்ப இறங்கி, காட்சிகளுக்குள் திருட்டுத்தனமாக நடந்து, ஒவ்வொரு பொருளையும் படம்பிடித்தார்கள். விதிமீறல்தான், ஆபத்தும்கூட. ஆனால் அந்தப் படைப்பின் உள்விவரங்கள் இவ்வளவு நுட்பமாக இன்று கிடைப்பதற்கு அவர்கள் செய்த வேலை ஒரு முக்கிய காரணம்.

இங்கேதான் இந்த விவாதத்தின் உயிர்நிலை இருப்பதாக நினைக்கிறேன். ஒரு நாவலின் புதிய பதிப்பில் ஆசிரியர் அத்தியாயத்தை மாற்றினால், பழைய பதிப்பு யார் வீட்டுப் பரணிலாவது இருக்கும். பாடபேதம் பார்க்கிறவருக்கு ஒப்பிட இரண்டு பிரதிகள் வேண்டும், கிடைக்கும். சவாரிக்கு அப்படி இல்லை. ஹொரைசன்ஸ் உலகத்திலேயே ஒன்றுதான் இருந்தது. ஒற்றைச் சுவடி. அதை வைத்திருந்தவரே அதை அழிக்கும் உரிமையும் உடையவர். நுழைவுச்சீட்டு வாங்கியவருக்குக் கிடைப்பது அன்றைய நாள் மட்டுமே. ரசிகர்களின் கோபத்தில் மிகை இருக்கலாம், குழந்தைத்தனம் இருக்கலாம். ஆனால் தங்கள் இளமையின் ஒரு பகுதி, தங்களிடம் ஒரு சொல்லும் கேட்காத ஒருவரின் சொத்தாக இருக்கிறது என்ற உண்மை அந்தக் கோபத்துக்கு அடியில் இருக்கிறது.

நிறுவனங்கள் எப்போதும் சரியாகக் கணிப்பதுமில்லை. டிஸ்னிலாந்தில் 1967 முதல் 1995 வரை தலைக்குமேல் மெல்ல ஊர்ந்த 'பீப்பிள் மூவர்' வண்டியை எடுத்துவிட்டு, அதே தடத்தில் 1998இல் அதிவேக வண்டிகளை ஓட்டினார்கள். மெதுவான வண்டிக்கென்று போட்ட தடம். வளைவுகளில் சாய்வு கிடையாது. ஒவ்வொரு வளைவுக்கும் வேகம் குறைத்து, பழுதாகிப் பழுதாகி, 2000இல் நின்றுபோனது. அதன் பிறகு ஆண்டுக்கணக்காக வெறும் தடம் மட்டும் வானத்தில் நின்றது. புளோரிடாவில் பாடும் பறவைகளின் டிக்கி அரங்கை 1998இல் புதிய பாத்திரங்களைப் புகுத்தி நவீனப்படுத்தினார்கள். பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். 2011 ஜனவரியில் சிறு தீவிபத்து. அதே ஆண்டு ஆகஸ்டில் அரங்கு மீண்டும் திறந்தபோது புகுத்தியவை நீங்கி, பழைய பாடமே திரும்பியிருந்தது. இடைச்செருகலை நெருப்பு நீக்கிய அபூர்வ நிகழ்வு. மறுபுறம், யூனிவர்சல் நிறுவனம் தன் புளோரிடாப் பூங்காவில் 'ஜாஸ்' சுறாமீன் சவாரியை 2012 ஜனவரியில் மூடி, 2014 ஜூலையில் ஹாரி பாட்டரின் டயகன் சந்தைத் தெருவைத் திறந்தபோது, அழுதவர்களே அதன் செங்கல் வேலைப்பாட்டைக் கண்டு வியந்தார்கள். மாற்றம் மன்னிக்கப்படுவதும் மன்னிக்கப்படாததும் வந்ததன் தரத்தைப் பொறுத்தது.

கடைசியாக ஆற்றுக்கு வருகிறேன். மேஜிக் கிங்டமில் ஒரு செயற்கை ஆறு இருந்தது. நடுவே மார்க் ட்வைன் நாவலின் டாம் சாயர் பெயரில் 1973இல் திறக்கப்பட்ட தீவு. சுற்றிவரத் துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல். கப்பலோட்டியாக மிஸிசிப்பியை அறிந்த எழுத்தாளரின் உலகம், அதே மிசௌரியில் சிறுவனாக வளர்ந்த வால்ட் டிஸ்னியின் ஏக்கத்தின் வழியாக அங்கே வந்திருந்தது. அங்கே பார்க்கப் பெரிதாக எதுவுமில்லை. மரநிழல், பீப்பாய்ப் பாலம், குகை, நீரின் சத்தம். 2024 ஆகஸ்டில், இதை மூடிவிட்டுப் பிக்ஸாரின் 'கார்ஸ்' படத்தின் உலகை அமைக்கப்போவதாக அறிவித்தார்கள். பூங்காக்களுக்கும் கப்பல்களுக்கும் பத்தாண்டுகளில் 6,000 கோடி டாலர் செலவிடுவதாக 2023இல் நிறுவனம் சொல்லியிருந்தது. அருகிலேயே போட்டியாளரின் எபிக் யூனிவர்ஸ் 2025 மே மாதம் திறந்தது. சதுர மைல் கணக்கில் நிலம் வைத்திருப்பவர்கள் ஆற்றையா தூர்க்க வேண்டும் என்று ரசிகர்கள் கேட்டார்கள். பெரிய பரப்பை அடைத்துக்கொண்டு சிலரையே ஈர்க்கும் இடம் அது என்பது மாற்றத்தை ஆதரித்தவர்களின் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் ஒரு நூலில் வெற்றிடமாக விடப்பட்ட பக்க ஓரத்தையும் அச்சடிக்கலாம் என்பது போன்ற கணக்கு அது. 2025 ஜூலை 6 ஆற்றின் கடைசி நாள்.

கிரஹாமின் நாவலில் ஆறு அமைதி, கார் பித்து. அந்தப் பித்தைக் கேலிசெய்த தேரையை 1998இல் வெளியேற்றிய அதே பூங்கா, இருபத்தேழு ஆண்டுகள் கழித்து ஆற்றையும் மூடிக் கார்களுக்கு இடம் கொடுத்தது. யாரும் திட்டமிட்ட முரண் அன்று. அதைத் திட்டமிட நாவலைப் படித்திருக்க வேண்டும். அந்தக் கார்களைப் பார்த்து வளரும் குழந்தைகள் நாற்பது ஆண்டுகள் கழித்து அவற்றுக்காகக் கண்ணீர் விடுவார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. அது அவர்கள் உரிமை. நான் கேட்பது சிறியது. எடுப்பதற்குமுன் ஒரு முழுமையான பதிவை வையுங்கள், எடுத்ததை மறைக்காதீர்கள். தேரை இருந்த வீட்டில் பத்திரம் கைமாறும் படத்தை மாட்டிய பெயர் தெரியாத கலைஞர் அதையேனும் செய்தார். ஆற்றுக்கு அப்படியொரு படம் எந்தச் சுவரில் மாட்டப்படும் என்று பார்க்க வேண்டும்.