கால்சியம் மிகுவிக்கும் கணையப் புற்று
கணையத்தின் நாளமில்லாச் சுரப்பி உயிரணுக்களில் மிக அபூர்வமாகத் தோன்றும் இப்புற்று, பாராதைராய்டு ஹார்மோனை ஒத்ததொரு புரதத்தைத் தானே சுரந்து, எலும்பைக் கரைத்தும், சிறுநீரகம் கால்சியத்தை வெளியேற்றாவண்ணம் தடுத்தும், இரத்தத்தில் அதன் அளவை அபாயகரமாக உயர்த்துவதாகும். புற்றுக்கட்டியே இத்தகைய ஹார்மோனைச் சுரக்கலாமென்று 1941-இல், சிறுநீரகப் புற்று கண்ட நோயாளி ஒருவரை முன்னிட்டு, அமெரிக்க வைத்தியர் ஃபுல்லர் ஆல்பிரைட் ஊகித்தார்; அப்புரதம் பிரித்தறியப்பட்டதோ 1987-இல்தான். தாகம், மலச்சிக்கல், சோர்வு, சித்தக்கலக்கம் முதலிய குறிகள் பிற நோய்களுக்கும் பொதுவாதலின், பெரும்பாலும் கட்டி கல்லீரலுக்குப் பரவிய பின்னரே நோய் வெளிப்படுவது மிகவும் வருந்தத்தக்கது. கால்சியம் மிகுந்தும் பாராதைராய்டு ஹார்மோன் குறைந்தும் காணின் இதனையும் சந்தேகித்தல் அவசியம். சிரைவழி உப்புநீர் ஏற்றுவதும் எலும்புச் சிதைவைத் தடுக்கும் மருந்துகளும் தற்காலிக சாந்தியே தருமாதலின், இயன்றவிடத்துக் கட்டியைச் சஸ்திர சிகிச்சையால் அகற்றுவர்; இயலாதவிடத்துச் சோமடோஸ்டாடின் என்னும் ஹார்மோனை ஒத்த மருந்துகளால் சுரப்பை அடக்க முயல்வர்.