தீவின் உப்பும் நம் ஊர்க் கஞ்சியும்

மலையடிவாரத்தில் அமைந்த நமது கிருஷ்ணன்கோவிலுக்கும் கடல் சூழ்ந்த இராமேஸ்வரம் தீவுக்கும் என்ன உறவு என்று எவரேனும் வினவினால், நாம் இரண்டு விடைகள் கூறலாம். 1910-ஆம் ஆண்டு முதல் 1985-ஆம் ஆண்டு வரை இவ்விரண்டும் இராமநாதபுரம் என்னும் ஒரே மாவட்டத்தில் இருந்தன என்பது ஒன்று. நம் ஏழை எளியவரின் கஞ்சிக்குத் துணையாக வந்த கருவாடு மற்றொன்று. முதல் உறவு அரசாணையால் முடிந்தது. இரண்டாவது உறவு இன்றும் முடியவில்லை.

மீனை உலர்த்திக் காப்பது மிகத் தொன்மையான தொழில். பரதவ மகளிர் மீன் உணங்கலைப் பறவைகள் கவராமல் காத்திருந்ததையும், உமணர் உப்பு வண்டிகளை உள்நாட்டிற்கு ஓட்டிச் சென்றதையும் சங்கப் பாடல்களில் காண்கிறோம். விவிலிய நாட்டிலும் இத்தொழில் சிறந்திருந்தது. கிரேக்கர் 'தாரிக்கேயா', அதாவது உப்பிட்ட மீனின் ஊர், என்று அழைத்தது மரிய மதலேனாளின் மகதலாவையே என அறிஞர் பலர் கருதுவர்.

பாம்பன், தங்கச்சிமடம் முதலிய தீவு ஊர்களில் சீலா, கட்டா, திருக்கை போன்ற பெரிய மீன்களை வகிர்ந்து, குடல் நீக்கி, உப்புத் தடவி, அடுக்கி ஊறவிட்டு, பின்னர் வெயிலில் காய வைப்பர். நெத்திலி, காரல் போன்ற சிறு மீன்கள் பெரும்பாலும் மணலிலேயே காய்ந்துவிடும். புயல் நாட்களிலும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும் தடைக்காலத்திலும் கருவாடே கைகொடுக்கும். கத்தரிக்காயும் மொச்சையும் சேர்த்துப் புளி கரைத்த குழம்பு, கஞ்சிக்குச் சுட்ட கருவாடு ஆகியவை தீவுக்கும் நமக்கும் பொதுவானவை. மினிக்காய்த் தீவினரோ சூரை மீனை அவித்து, புகையூட்டி, விறகுபோல் இறுகும்வரை உலர்த்தி 'மாசி' ஆக்குவர். அதை இடித்துச் செய்யும் சம்பல் இலங்கையில் பெயர் பெற்றது.

இந்த எளிய உணவுக்கும் சோதனைகள் வந்தன. ஆங்கிலேயர் விதித்த உப்பு வரியால் மீனவர் நல்ல உப்பு வாங்க இயலாமல் உவர்மண்ணைப் பயன்படுத்த, மீன் கெட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாண அரசு, மீன் உப்பிடும் கிடங்குகளை அமைத்து, அங்கு வரியின்றி உப்பு வழங்கலாயிற்று. 1930-ல் இராஜாஜி தலைமையில் வேதாரண்யத்தில் நடந்த உப்புப் போராட்டத்தின் பொருளை மீனவக் குடும்பங்கள் அடுப்படியிலேயே அறிந்திருந்தன எனலாம். பின்னர் 1964 டிசம்பர் 22-ஆம் நாள் நள்ளிரவில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. அங்கிருந்த ஆலயத்தின் சிதைந்த சுவர்களை இன்றும் காணலாம். ஆயினும் அம்மணலில் வலையும் கருவாடும் மீண்டும் காய்கின்றன.

சுத்தபோசன நாட்களில் இறைச்சியை விலக்கும் நாம், கருவாட்டை எளிய உணவு என்று எண்ணி உண்கிறோம். அதன் வாடையைக் கண்டு முகம் சுளிப்பவரும் நம்மிடையே உண்டு. அது கடலில் உயிரைப் பணயம் வைத்த ஒருவரின் உழைப்பு. வெயிலில் நின்று அதைப் புரட்டிப் போட்ட ஒரு தாயின் வியர்வை. சந்தையில் கருவாட்டுக் கூடையின் முன் பேரம் பேசும்போது இதை நாம் நினைவில் கொள்வோமாக.