காவல் நாயும் நம் கடனும்: நடுகல் முதல் தாமான் வீடு வரை



கிள்ளான் பள்ளத்தாக்கில் எந்தத் தாமானுக்குள் நுழைந்தாலும் நாலைந்து வீட்டு வாயில்களிலாவது "அவாஸ் அஞ்சிங்" என்னும் பலகையைக் காணலாம். பலகைக்குப் பின்னே பெரும்பாலும் ஒரு பெரிய நாய் இருக்கும். அது ராட்வைலராகவோ ஜெர்மன் ஷெப்பர்டாகவோ இருக்கலாம். அக்கம்பக்கத்தில் ஒரு திருட்டு நடந்தவுடன் நம்மவர்கள் பலர் செய்யும் முதல் வேலை, பெரிய சாதி நாய்க்குட்டி ஒன்றை வாங்கி வருவதுதான். அந்தக் குட்டி ஓராண்டில் 40 கிலோ எடையுள்ள நாயாக வளர்ந்துவிடும் என்பதை வாங்கும் நாளில் எண்ணிப் பார்ப்பவர் குறைவு. நாய் நம்மைக் காக்கும். அந்த நாயை யார் காப்பது? இந்தக் கேள்விக்கு நம் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

கல்லில் நின்ற கோவிவன்

தமிழில் நாய்க்குப் பெயர்கள் பல. ஞமலி, ஞாளி, குக்கல், சுணங்கன் என அடுக்கிக்கொண்டே போகலாம். தொல்காப்பிய மரபியல், நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் இளமைப் பெயர் குருளை என்கிறது. புலிக்குட்டிக்கும் நாய்க்குட்டிக்கும் ஒரே பெயர் என்று சொன்னால் என் மாணவர்கள் வியப்படைவார்கள்.

பெயரோடு நின்றுவிடாமல், நாய்க்குக் கல்லிலும் இடம் தந்தவர்கள் நம் முன்னோர். திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூர் என்றோர் ஊர் உள்ளது. அங்கே பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. கி.பி. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்லில், கால்நடைப் பூசலில் உயிர்விட்ட வீரன் ஒருவனின் உருவமும் அவனருகே அவனுடைய நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளன. நாயின் பெயர் கோவிவன். அது இரு கள்வரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியைக் கல்வெட்டு பெயர் சொல்லிப் பதிவு செய்கிறது. எத்தனையோ மனிதர்களின் பெயர்கள் அழிந்துபோன காலத்திலிருந்து ஒரு நாயின் பெயர் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அண்டை நாடான கன்னடத்திலும் இதற்கு இணையான சான்று உண்டு. கி.பி. 949ஆம் ஆண்டு தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்தான் என்று படித்திருப்பீர்கள். அவனை வீழ்த்தியவன் கங்க மன்னன் இரண்டாம் பூதுகன். அவனிடம் வீரம் காட்டிய மணலேரன் என்பவன், வேறு பரிசு எதுவும் வேண்டாமல் காளி என்னும் வேட்டை நாயைக் கேட்டுப் பெற்றான். பின்னர் அந்த நாய் ஒரு காட்டுப்பன்றியோடு பொருதது, இரண்டும் மடிந்தன. நாய்க்கு ஆதகூரில் கல் நாட்டினார்கள். அக்கல்லுக்கு நாள்தோறும் வழிபாடு செய்யாமல் பூசகர் உண்டால் அது பாவம் என்றும் எழுதி வைத்தார்கள். மாண்ட நாய்க்கே இவ்வளவு கடமை வகுத்த மண்ணிலிருந்து வந்தவர்கள் நாம்!

பாளையங்களின் நாய்கள்

பிற்காலத்தில் தென்பாண்டிச் சீமையின் பாளையங்களும் சிற்றூர்களும் தனித்தன்மையுள்ள நாய் இனங்களைப் பேணி வளர்த்தன. இராசபாளையம், தேனி மாவட்டத்துக் கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி ஆகியவை அவற்றுள் புகழ்பெற்றவை. வெண்ணிற உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட இராசபாளையம், வீட்டையும் வயலையும் காத்தது. வெள்ளை நிறத்திற்காகவே தலைமுறை தலைமுறையாக இணை சேர்த்ததால் அவ்வினத்தில் பிறவிச் செவிடு மிகுதி. அழகை மட்டும் பார்த்து வளர்த்தால் விலை கொடுப்பது நாய்தான் என்பதற்கு இது ஒரு பாடம்.

மேலைநாட்டு நாய்களின் மோகத்தால் இவ்வினங்கள் அருகின. இந்திய அஞ்சல் துறை 2005ஆம் ஆண்டு இராசபாளையம் உள்ளிட்ட நான்கு நாய் இனங்களுக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. 2020 ஆகஸ்டில் இந்தியப் பிரதமர் தம் வானொலி உரையில் இந்நான்கு தமிழக இனங்களையும் பெயர் குறிப்பிட்டு, உள்நாட்டு நாய்களை வளர்க்குமாறு கேட்டுக்கொண்டார்.

வேலை இழந்த காவலர்கள்

நம் வீடுகளில் இன்று காணப்படும் ராட்வைலரின் கதையும் இதைப் போன்றதே. ஜெர்மனியின் ராட்வைல் நகரத்துக் கசாப்புக்காரர்கள் மாடுகளை ஓட்டிச் செல்லவும் காக்கவும் வளர்த்த நாய் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரயில் வண்டி மாடுகளை ஏற்றிச் செல்லத் தொடங்கியதும் நாய்க்கு வேலை இல்லாமல் போயிற்று. இனமே அழியும் நிலைக்கு வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவல்துறைப் பணிக்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட பிறகுதான் அது மீண்டது.

மலாயாவிலும் அப்படித்தான். தோட்டங்களில் லயத்து நாய் கட்டின்றித் திரிந்தது. பால்மரக் காட்டுக்குள் தன் வீட்டாரோடு சென்று வந்தது. பாம்பு வந்தாலும் அந்நியர் வந்தாலும் குரைத்துச் சொன்னது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின. நாமும் வரிசை வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தோம். பிரிக்பீல்ட்ஸில் இரயில்வே நிலம் இருந்த இடத்தில் 2001இல் கே.எல். சென்ட்ரல் எழுந்தது. மனிதருக்கே இடம் சுருங்கிய நகரில், ஓடித் திரியப் பிறந்த நாய்க்குக் கிடைத்தது கார் நிறுத்துமிடமும் ஆறடிச் சங்கிலியும்.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு குடும்பம் வீடு மாறிச் சென்றபோது, காவலுக்கென வாங்கிய பெரிய நாயைச் சங்கிலியோடு விட்டுச் சென்றுவிட்டது. மூன்று நாள்கள் கழித்துத்தான் அண்டை வீட்டார் வேலிக்கு மேலே ஏறிப் பார்த்தார்கள். அது உயிரோடு இருந்தது. குரைக்கும் வலிமை மட்டும் இல்லை. இன்று வேறொரு வீட்டில் நலமாக இருக்கிறது. எல்லா நாய்க்கும் அந்த நற்பேறு வாய்ப்பதில்லை.

வளர்ப்போர் அறிய வேண்டியவை

எங்கள் வீட்டிலும் ஏழாண்டுகளாக ஒரு ராட்வைலர் வளர்கிறது. பெயர் டைகர். அனுபவத்தில் அறிந்ததையும் கால்நடை மருத்துவர் கூறியதையும் இங்கே தருகிறேன்.

முதலாவது, வெப்பம். நாய் மூச்சிரைத்தே தன் உடல் சூட்டைத் தணிக்கிறது. நம் நாட்டு ஈரக்காற்றில் அது எளிதன்று. எனவே காலை ஏழு மணிக்கு முன்பும் வெயில் தாழ்ந்த பின்பும் மட்டுமே நடைப்பயிற்சி. நிழலும் தண்ணீரும் எந்நேரமும் இருக்க வேண்டும்.

இரண்டாவது, உணவு. பெரிய நாய்க்கு ஒரே வேளையில் வயிறு முட்டப் போடக்கூடாது. உண்டவுடன் ஓடவிட்டால் இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு; சில மணி நேரத்தில் உயிரே போய்விடும். இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுத்து ஓய்வெடுக்க விடுங்கள். குட்டியை அதிகம் கொழுக்க வைப்பதும் கூடாது. பெரிய இனங்களின் எலும்பும் மூட்டும் முதிர ஒன்றரை ஆண்டுக்கு மேலாகும்.

மூன்றாவது, பழக்கம். பிறந்து மூன்று வாரம் முதல் ஏறக்குறைய பதினான்கு வாரம் வரையிலான காலத்தில் குட்டி பலவகை மனிதர்களையும் ஓசைகளையும் அச்சமின்றிக் கண்டு பழக வேண்டும். கட்டிப்போட்டால்தான் நாய்க்குக் காவல் குணம் வரும் என்பது தவறான எண்ணம். கட்டுண்ட நாய் அச்சத்தால் கடிக்கிறது. அது காவல் ஆகாது.

நான்காவது, நோய்த்தடுப்பு. உண்ணி, இதயப்புழு, எலிச் சிறுநீரால் பரவும் நோய் ஆகியவை இங்கு மிகுதி. 1952இல் மலாயாவில் வெறிநாய்க்கடி நோய் பரவியபோது கட்டாயத் தடுப்பூசி போடப்பட்டது. தெரு நாய்கள் பெருமளவில் கொல்லப்பட்டன. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும் 2017இல் சரவாக்கிலும் அந்நோய் மீண்டும் தலைகாட்டியது. அலட்சியத்தின் விலையை எப்போதும் நாய்களே முதலில் செலுத்துகின்றன.

ஐந்தாவது, சட்டமும் அயலாரும். ஊராட்சி மன்ற உரிமம் பெறுதல் வேண்டும். சில இனங்களை நாட்டுக்குள் கொண்டுவரவே தடை உண்டு; ராட்வைலர் உள்ளிட்ட வேறு சிலவற்றுக்குக் கட்டுப்பாடு உண்டு. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்படி, விலங்கைக் கொடுமைப்படுத்துவோருக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பல இனத்தார் சேர்ந்து வாழும் தாமானில், மலாய் அன்பர் எதிரே வரும்போது வாரைச் சுருக்கிப் பிடித்து ஒதுங்கி வழிவிடுவது நற்பண்பு. நாய் கழித்ததை நாமே அப்புறப்படுத்துவதும் அவ்வாறே.

ராட்வைலரின் ஆயுள் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள். குட்டியைத் தூக்கி வருமுன் அந்த ஒன்பது ஆண்டுகளையும் எண்ணிப் பாருங்கள். காலையில் யார் நடத்திச் செல்வார்? ஊருக்குப் போனால் யார் சோறிடுவார்? வீடு மாறினால் அதற்கும் இடமுண்டா? இவற்றுக்கு விடை இருந்தால் மட்டும் வளர்ப்போம். இல்லையேல் வாயிலுக்கு நல்ல பூட்டு ஒன்று வாங்கிப் போடுவோம். அதற்குப் பசியும் இல்லை, நம்மை எதிர்பார்த்து வாயிலையே நோக்கியிருக்கும் கண்களும் இல்லை.