கழிவு எதுவரை கழிவு? பழனி மலை வாட்டில் மரத்தின் கதை

கொடைக்கானலில் வாட்டில் மரங்களை அகற்றும் பேச்சு வரும்போதெல்லாம் ஒரு யோசனையும் கூடவே வரும்: வெட்டிய மரத்தை எரித்து மின்சாரம் எடுத்தால் என்ன? கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இந்த மரத்தின் பழைய கதையைப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

1852-இல் இங்கே வீடு கட்டிய மேஜர் பாட்ரிட்ஜ்தான் ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸையும் வாட்டிலையும் கொண்டு வந்தவர் என்பார்கள். முதல் தேவை விறகு. குளிருக்கு விறகு வேண்டும், சோலைக்காடோ மெதுவாக வளர்வது. அடுத்து தோல் பதனிட வாட்டில் பட்டை தேவைப்பட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து இறக்குமதி செய்வதை நிறுத்த இங்கேயே நட்டார்கள். பிறகு மரக்கூழ். சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்கு மலை மரங்கள் லாரி லாரியாக இறங்கின. ஒவ்வொரு உபயோகமும் நடுவதற்கு இன்னொரு காரணம் ஆனது.

விலை கொடுத்தது புல்வெளி. 1973-க்கும் 2014-க்கும் இடையில் பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஆய்வு சொல்கிறது. அதே காலத்தில் தோட்ட மரங்கள் பன்னிரண்டு மடங்குக்கு மேல் பரவின.

மரத்திலிருந்து சக்தி எடுப்பது நமக்குப் புதிதல்ல. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது நம் ஊர் பஸ்கள் கரிவாயுவில் ஓடின. காற்றைக் குறைத்துக் கொடுத்து எரித்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயு வரும். குளிரவைத்து, வடிகட்டி, எஞ்சினுக்குக் கொடுக்கலாம். இதே முறையில் மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி 2003-இல் 9 கிலோவாட் எந்திரம் வைத்து, மரக்கழிவைக் கொண்டு குடிநீர் பம்ப்பை ஓட்டியது. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் சீமைக் கருவேலத்தை எரிக்கும் பெரிய மின்நிலையங்களே வந்தன.

இப்போது கணக்கு. ஒரு யூனிட்டுக்குச் சுமார் 1.3 கிலோ காய்ந்த மரம். ஒரு மெகாவாட் நிலையம் நாள் முழுக்க ஓடினால் 31 டன், அதாவது தினமும் மூன்று லாரி. பச்சை மரத்தில் பாதி எடை தண்ணீர் என்பதால், வெட்ட வேண்டியது இன்னும் அதிகம். முதலீடு திரும்ப வர பல வருஷம் ஓட வேண்டும். அகற்றும் வேலை அதற்கு முன்னால் முடிந்தால் உலைக்கு என்ன போடுவது? திரும்பவும் நடச் சொல்வார்கள். வாட்டில் அப்போது களை இல்லை, பயிர்.

இன்னொரு சிக்கல். வாட்டில் விதை மண்ணில் பல பத்தாண்டு உறங்கும். வெட்டிய இடத்தில் கும்பலாக முளைக்கும். புல்வெளி திரும்ப வேண்டுமானால் வருஷா வருஷம் கன்றுகளைப் பிடுங்க வேண்டும். அதில் விறகு கிடைக்காது. சில இடங்களில் வாட்டில் நிழலிலேயே சோலை மரங்கள் முளைத்து வருகின்றன. வட்டக்கானலில் இதைப் பல வருஷம் கவனித்தவர்கள் ஒட்டுமொத்தமாக வெட்டுவதை எதிர்த்தார்கள். எங்கே வெட்டலாம், எங்கே விடலாம் என்று காடு பார்த்துச் சொல்ல வேண்டும். உலை தன் பசியை மட்டும்தான் சொல்லும்.

எரிக்கவே கூடாது என்பதல்ல என் வாதம். கிளை, பட்டை, மரத்தூள் போன்ற மிச்சத்துக்கு, இடம் மாற்றக்கூடிய சின்ன எந்திரம் போதும். அதை எந்த வருஷம் மூடுவது என்பதை முதல் நாளே எழுதி வைத்துவிட வேண்டும்.