பால் ஒத்துக்கொள்ளாதவர்கள்

வெற்றிலைக்குப் பேர்போன ஆத்தூருக்கு அருகே, காயல் துறைமுகத்துக்கு 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ, அவ்வூரார் ஓயாமல் வெற்றிலை மெல்லுவதை எழுதிவைத்திருக்கிறான். வயிற்றுச் சமாசாரங்களில் அவனுக்கு ருசி அதிகம். மங்கோலியர் குதிரைப் பாலைப் புளிக்கவைத்துக் குடித்ததையும், வெண்ணெய் எடுத்த பாலை வெயிலில் உலர்த்திப் படைக்குக் கொண்டுபோனதையும் அவனே சொல்கிறான். கறந்த பாலை அப்படியே குடித்தால் என்ன?

கெட்டுப்போகும் என்பது பாதி விடை. மறு பாதி குடலில் இருக்கிறது. பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைப் பிரிக்க லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். குழந்தைக்கு அது தாராளமாகச் சுரக்கும். பால்குடி மறந்தபின் பெரும்பாலோருக்குக் குறைந்துவிடும். பிரியாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயு, இரைச்சல், பேதி என்று ஆர்ப்பாட்டம் செய்யும். உலகத்துப் பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு லாக்டேஸ் குறைவுதான். ஆனால் வைத்திய நூல்களை எழுதியவர்கள் பால் ஒத்துக்கொள்ளும் வடக்கு ஐரோப்பிய வம்சத்தார். ஆகவே நெடுங்காலம் இது ஒரு கோளாறாகவே கருதப்பட்டது. 1965, 1966-இல் அமெரிக்காவில் பால்டிமோரில் நடந்த ஆராய்ச்சிகள், அங்குள்ள கறுப்பினத்தவரில் பெரும்பாலோருக்கு இது இயல்பு என்று காட்டின. 2002-இல் பின்லாந்து விஞ்ஞானிகள் ஒரு மரபணு மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், மாற்றம் பாலைச் செரிப்பவர்களிடம்தான். நாம் பழையபடியே இருக்கிறோம்! இந்தியாவில் அந்த மாற்றம் வடமேற்கில் அதிகம், தெற்கே குறைவு.

நம் பாட்டிமார் நொதியைக் கண்டார்களா? உறை குத்தினார்கள். தயிரில் நுண்ணுயிர்கள் சர்க்கரையில் ஒரு பங்கைத் தின்றுவிடுகின்றன. மிச்சத்தைச் செரிக்கவும் உதவுகின்றன. நீர் விட்டுக் கடைந்த மோரில் அது இன்னும் சொற்பம். நெய்யில் இல்லையென்றே சொல்லலாம். தாமிரபரணிக் கரையில் மோர்ச்சோறு உண்டவனுக்கு இப்படியொரு தொல்லை இருப்பதே தெரிந்திராது.

தொல்லை டம்ளர் டம்ளராகப் பால் வந்தபிறகுதான். 'குடித்தால்தான் வளருவாய்' என்று குமட்டும் பிள்ளையின் மூக்கைப் பிடித்து ஊற்றுகிற தாய்மாரைப் பார்த்திருப்பீர்கள். அது பிடிவாதமாக இராது; வயிறு சொல்கிற உண்மையாக இருக்கலாம். பலருக்கு அரை டம்ளர் பால், அதுவும் சாப்பாட்டோடு, தொந்தரவு தருவதில்லை. இளைப்பும் ரத்தமும் கண்டால் மட்டும் டாக்டரிடம் போகவேண்டும். அது வேறு நோய். எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டாமா என்பீர்கள். கேழ்வரகில் இருக்கிறது. புன்னைக்காயல் கரையில் முள்ளோடு மென்று தின்கிற நெத்திலியிலும் இருக்கிறது.